ஓடாவியை ஓவியனாக்கிய கதை

பிலோமினா டீச்சர் இரண்டாவது ஃபாரத்தின் ப்ரூஃபைக் கையில் சுருட்டிக்கொண்டு அச்சகத்துக்குள் வந்தபோது, பாராட்டத்தான் வருகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். எண்பதுகளின் நடுவில், திண்டுக்கல்லில் ஒரு சின்ன அச்சகத்தில் நான் ப்ரூஃப் ரீடர். கல்யாணப் பத்திரிகைகளுக்கும் கோயில் நோட்டீசுகளுக்கும் நடுவே எப்போதாவது ஒரு புத்தகம் வரும். தமிழ் படித்துப் பட்டம் வாங்கியவன் என்ற கர்வம் எனக்கு நிறையவே உண்டு.

டீச்சர் இங்கே வேலை பார்த்தாலும் பிறந்து வளர்ந்தது தூத்துக்குடி. அந்தத் துறைமுகத்தை வைத்து, டச்சுக்காரர் காலத்தில் நடக்கிற ஒரு காதல் நாவல் எழுதியிருந்தார். அதுதான் அவருடைய முதல் புத்தகம். கதாநாயகி முத்து வியாபாரியின் மகள். கதாநாயகன் யார் என்பதில்தான் நான் கை வைத்துவிட்டேன்.

கையெழுத்துப் பிரதியில் அவன் 'ஓடாவி' என்று இருந்தது. கடலையே இரண்டு தடவைதான் பார்த்தவன் நான். அப்படி ஒரு சொல்லைக் கேள்விப்பட்டதில்லை. டீச்சர் அவசரத்தில் எழுத்தை மாற்றிப் போட்டுவிட்டார் என்று முடிவு கட்டி, முதல் ஃபாரத்தின் பதினாறு பக்கத்தில் அது வந்த ஏழு இடத்திலும் 'ஓவியன்' என்று திருத்தினேன். அவன் உளியும் கையுமாகக் கடற்கரைக்குப் போகிறானே என்று ஓர் இடத்தில் இடித்தது. சிலையும் செதுக்குவான் போலிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பரீட்சை நேரம் என்பதால் முதல் ஃபாரத்தை என்னையே பார்த்துவிடச் சொல்லியிருந்தார். பதினாறு பக்கமும் அச்சாகிவிட்டது. கோத்த எழுத்துகளைப் பிரித்து, அடுத்த ஃபாரத்துக்கும் எடுத்தாகிவிட்டது. அதிலும் 'ஓவியன்' என்றே திருத்தி அவருக்கு அனுப்பியிருந்தேன்.

"சார், இந்த ஓவியன் யாரு?" என்றார் டீச்சர்.

"உங்க கதாநாயகன்தான் டீச்சர்."

"அவன் ஓடாவி. தோணி கட்டுற ஆசாரி. எங்க அப்பாவுக்கு அதுதான் வேலை. அந்தப் பேரு ஒரு புஸ்தகத்துல வரணும்னுதான் நான் எழுதவே ஆரம்பிச்சேன்." குரல் உயரவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "தெரியலன்னா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"தெரியாத சொல்லுன்னு நெனைக்கல டீச்சர். தப்பான சொல்லுன்னு நெனச்சுப்புட்டேன்."

முதலாளி குறுக்கே வந்தார். "விடுங்க டீச்சர், கடேசிப் பக்கத்துல பிழைதிருத்தம்னு போட்டுருவோம். எல்லாப் புஸ்தகத்துலயும் இருக்கிறதுதான?"

"எங்க அப்பாவைக் கடேசிப் பக்கத்துலயா நிப்பாட்டுவீங்க?"

முதல் ஃபாரத்தையே மறுபடி அச்சடிக்கலாம் என்றால், அதே தாள் திரும்பக் கிடைக்க நாளாகும். ஈஸ்டருக்கு அப்பா வரும்போது புத்தகத்தைக் கையில் கொடுக்க வேண்டும் என்பது டீச்சரின் ஆசை. கடைசியில் நானே ஒரு வழி சொன்னேன். 'ஓடாவி' என்ற சொல்லை மட்டும் அதே எழுத்தில் அச்சடித்து, பொடிப்பொடியாக வெட்டி, ஓவியன் மேல் ஒட்டுவது.

முந்நூறு பிரதி, ஒவ்வொன்றிலும் ஏழு இடம். மைதாப் பசையைத் தீக்குச்சியில் தொட்டு ஒட்டினேன். துண்டு பறந்துவிடும் என்று அந்த வெயிலிலும் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் வேலை. முதலாளி உதவிக்கு ஆள் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன்.

புத்தகம் தயாரானதும் டீச்சர் தன் அப்பாவை அச்சகத்துக்கே அழைத்து வந்தார். பெரியவருக்குப் பார்வை மங்கியிருந்தது. டீச்சர் பக்கத்தைத் திறந்து, அவருடைய கட்டைவிரலைப் பிடித்து அந்தச் சொல்லின் மேல் வைத்தார். விரல் அங்கேயே நின்றது. ஒட்டிய துண்டின் விளிம்பை நாலு பக்கமும் தடவிப் பார்த்தார். டீச்சர் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

"ஒட்டினது யாரு?"

"நான்தாங்கய்யா."

"கலப்பத்து நல்லா அடிச்சிருக்கிய. தண்ணி எறங்காது."

மறுபடியும் நான் அறியாத ஒரு சொல். சிரித்துத் தலையாட்டி நகர்ந்திருக்கலாம். அதுவரை அப்படித்தான் காலம் தள்ளியிருந்தேன்.

"கலப்பத்துன்னா என்னங்கய்யா?" என்று கேட்டேன்.

பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தோணியில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சுத்திரியைத் திணித்து உளியால் அடித்து இறுக்குவதைக் கையாலேயே செய்து காட்டினார். டீச்சர் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ப்ரூஃப் பார்க்கிற வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தெரியாத சொல் வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போடுங்கள், அடித்துத் திருத்தாதீர்கள். எனக்கு அது பிந்தித்தான் விளங்கியது. வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு வருஷத்தில், ஒரு சொல்லுக்கு நான் வாய் திறந்து அர்த்தம் கேட்டது அன்றுதான் முதல் தடவை.