தூக்கத்தை அளக்க ஒரு விண்ணப்பம்

ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பிக்க எனக்கு அதுதான் கடைசி வருடம். அடுத்த வருடம் வயது வரம்பைத் தாண்டிவிடுவேன். ஏற்கெனவே ஒரு முறை முத்திரை இல்லையென்றும், இன்னொரு முறை பக்கம் கூடிவிட்டதென்றும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதனால் இந்தத் தடவை முத்திரை, கையெழுத்து, பக்க எண் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பார்த்துப் பார்த்துக் கண்ணே வலித்தது.

தலைப்பு, பூ விற்கும் பெண்களின் தூக்கம். விடியுமுன் எழுந்து மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் எப்போதுதான் தூங்குகிறார்கள்? ஸ்ரீரங்கத்திலிருந்து காலேஜுக்குப் போகும் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் வெயிலும் தண்ணீரும் சேர்ந்து கண்ணைச் சொருகவைக்கும். அந்தப் பெண்கள் எல்லோரும் தூக்கத்தைப் பதிவு செய்யும் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு எனக்காகத் தூங்குவதுபோல் தோன்றும். அந்த மயக்கத்திலேயே, 'பங்கேற்பவர்கள் சம்மதித்துள்ளனர்' என்ற கட்டத்தில் டிக் அடித்திருக்கிறேன்.

கடைசி நாளன்று விண்ணப்பத்தைப் படித்துப் பார்த்த சக ஆசிரியை, யாரிடம் சம்மதம் கேட்டேன் என்று விசாரித்தார். நான் ஒருவரிடமும் கேட்டிருக்கவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

அரைநாள் லீவு போட்டுவிட்டு, கோபுரத்துக்கருகே நான் தினமும் மல்லி வாங்கும் அக்காவிடம் போனேன். கண் பாதி மூடியிருக்க, விரல்கள் தம் பாட்டுக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தன. ஒரு மாதம் வாட்ச்சோடு தூங்க வேண்டும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"கட்டிக்கிட்டா எனக்குத் தூக்கம் கூடுமா டீச்சர்?"

"கூடாதுக்கா."

"அப்ப வேணாங்க. அது கழண்டு விழுந்துடுச்சோன்னு தடவிக்கிட்டே கிடப்பேன். இருக்கிற தூக்கமும் போயிடும்."

வீட்டுக்கு வந்து டிக்கை எடுத்தேன். 'மற்றவர்களை இன்னும் கேட்கவில்லை. கேட்ட ஒருவர் மறுத்துவிட்டார்' என்று எழுதி, கெடு முடியுமுன் அனுப்பினேன்.

சில மாதம் கழித்து, ஒரு மத்தியானம், பஸ் திருவானைக்காவல் தாண்டும்போது நிராகரிப்பு மெயில் வந்தது. அழுதேன். இத்தனை வருட ஆசை அவ்வளவுதான். வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் கோபுரத்துப் பக்கம் நடந்தேன். அக்கா சுவரில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். பூ வாங்க வந்த பெண் அவர் தோளைத் தொடப் போனாள்.

"எழுப்பாதீங்க. நான் தரேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையாலேயே இரண்டு முழம் அளந்து கொடுத்தேன்.