ரெண்டு இன்ச் கூட்டலும் ரெண்டு இன்ச் கழித்தலும்

எங்கள் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு நான்தான் பயிற்சியாளர். வளையத்துக்கு அடியில் நின்று பந்து பிடித்த நெட்டைப் பெண்கள் இருவரும் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள்.

மிச்சமிருப்பவர்கள் நன்றாக ஓடுவார்கள். பந்துதான் அவர்கள் தலைக்கு மேலேயே போய்விடும். இந்த சீசனை நினைத்தால் கவலைதான்.

இன்று காலை காரைக்கால் பஸ்ஸில் ஒரு பெண், மேல்கம்பியை முழங்கை மடித்தே பிடித்தபடி நின்றாள். கூடவே அவள் அம்மா. விழிதியூர்க்காரர்கள். எங்கள் கல்லூரியில்தான் முதல் வருடம் சேர்ந்திருக்கிறாளாம்.

"நான்தான் அங்க பாஸ்கெட்பால் கோச். டீமுக்கு வர்றியாம்மா?" என்றேன். அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"வெளையாடட்டும் மேடம். மேட்ச் அன்னிக்கி மைக்குல உசரத்த மட்டும் சொல்லிடாதீங்க. நாளப்பின்ன மாப்ள பாக்கணும். சொந்தக்காரங்ககிட்ட ரெண்டு இன்ச்சு கொறச்சுதான் சொல்லி வச்சிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிரணி மிரளட்டும் என்று, மைக் பிடிப்பவரிடம் எங்கள் பெண்களுக்கெல்லாம் ரெண்டு இன்ச் கூட்டிச் சொல்வது என் வழக்கம். அதைச் சொன்னேன்.

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப நீங்களும் கூட்டாதீங்க, நானும் கொறைக்கல. உள்ளத உள்ளபடி சொல்லிருங்க."

பெண் அம்மா பக்கம் திரும்பினாள்.

"உள்ளது எவ்ளோம்மா? எனக்கே நீ கொறச்சுதான சொல்லியிருக்க!"

நாளைக் காலை மைதானத்துக்கு வருகிறாள். பந்தோடு அளக்கும் டேப்பையும் எடுத்து வைத்துவிட்டேன்.

எவ்வளவு இருப்பாள், சொல்லுங்கள் பார்ப்போம். தயவுசெய்து யாரும் குறைத்துச் சொல்லாதீர்கள். அதற்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது.