நாற்பத்தேழு நாளும் என் வாயும்

நாற்பத்திரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். முப்பத்தொன்றில் ஆள். மின்விசிறி ஆறு, ஓடியது நான்கு. எண்ணாமல் உட்கார எனக்கு வராது – இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

போன மாதம், கல்கத்தா பவானிபூரில் ஒரு பள்ளிக்கூட ஹால். குடியை விட்டவர்கள் செவ்வாய்தோறும் அங்கே கூடிப் பேசுகிறார்கள். அன்று வெளியாட்களையும் அழைத்திருந்தார்கள். டாக்டர்கள், ஒரு போலீஸ் அதிகாரி, கம்பெனி மேனேஜர்கள், குடும்பத்தார். "வைத்தியம் டாக்டர் வேலை. விட நினைக்கிறவன் பக்கத்தில் உட்காருவது எங்கள் வேலை. உங்களிடம் அப்படி ஒருவர் வந்தால் எங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" – அவர்கள் கேட்டது இவ்வளவுதான். பேசியவர்கள் முதல் பெயரை மட்டும் சொன்னார்கள். போட்டோ கூடாது.

என் தங்கை மகன் முரளி எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தான். (பெயரை மாற்றியிருக்கிறேன். அந்தப் புத்தி அன்றைக்கு இருந்திருக்கலாம்.) குடியால் அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டாக்டர்தான் அவனைக் கேட்டுக்கொண்டு இந்தக் குழுவுக்கு போன் செய்தார். மறுநாளே இருவர் வந்து கட்டிலருகே உட்கார்ந்தார்கள். அதன்பின் அவன் தொடவில்லை.

கடைசியில், "யாராவது பேச விரும்புகிறீர்களா?" என்றார்கள். எழுந்தேன். நன்றி சொல்ல... சத்தியமாக நன்றி சொல்லத்தான்.

"அதோ டீ கொடுக்கிறானே, அவன் என் மருமகன் முரளி. ஹவுரா பட்டறையில் சூப்பர்வைசர். இன்றோடு நாற்பத்தேழு நாள்!" என்றேன், இங்கிலீஷில், கணீரென்று. பட்டறையின் பெயரையும் விடவில்லை.

ஒருவரும் கை தட்டவில்லை. முரளி கெட்டிலைக் கீழே வைத்தான். இரண்டாவது வரிசையில் ஒருவர் மெதுவாகத் திரும்பினார். அவன் கம்பெனியின் ஹெட் ஆபீஸ் மேனேஜர். அதுவரை அவருக்கு முரளியின் முகம் தெரியாது, பெயர் தெரியும். மஞ்சள்காமாலை என்று அவன் எழுதிக்கொடுத்த லீவு லெட்டரும் தெரியும்.

படிக்கட்டில் என்னைப் பிடித்தான்.

"உங்களை யாரு மாமா எண்ணச் சொன்னா?"

"நல்லதுக்குத்தானேடா சொன்னேன்..."

"அந்த ரூம்ல நான் வெறும் முரளி. நாளைலேர்ந்து பட்டறை முழுக்கக் குடிகார முரளி. திருப்திதானே?"

மேனேஜர் கெட்டவர் இல்லை. வேலையை விட்டு எடுக்கவில்லை. கிரேன் பொறுப்பிலிருந்து மாற்றி ஸ்டோரில் உட்கார வைத்தார். கேன்டீனில் அவனைப் பார்த்துக் கண்ணடிக்கிறார்களாம்.

தங்கை போனில் அழுதாள். "செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்குன்னு கிளம்பறான் அண்ணா, கேட்டா எரிஞ்சு விழறான். எங்க போறான்னே தெரியல. மறுபடி ஆரம்பிச்சா நான் தாங்கமாட்டேன்."

டாக்டரிடம் ஓடினேன். "வழி சொல்லலாம் சார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக முடியாது" என்றார். சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று செவ்வாய் மாலைகளில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே போய் நின்றேன். உள்ளே போகிறவர்களை எண்ணினேன். பதினான்கு. பன்னிரண்டு. முரளி இல்லை. கிளம்பின அரை மணியில் வீடு திரும்பிவிடுகிறான் என்றாள் தங்கை.

போன செவ்வாய், அன்று ஆஸ்பத்திரிக்கு வந்த இருவரில் ஒருவரான தபன், சாலையைக் கடந்து என்னிடம் வந்தார். சித்தப்பா முறை வைத்து, வங்காளத்தில் கேட்டார்.

"காக்கு, எத்தனை நாளா இங்கே நிக்கிறீங்க?"

"மூணு செவ்வாய். அவன் வந்தானா? அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர் இருந்தா ஒரு தடவை காட்டுங்களேன்..."

"அப்படி ஒண்ணு கிடையாது. டாக்டர் கேட்டாலும் கிடையாது, போலீஸ் கேட்டாலும் கிடையாது." கையை நீட்டிக் காட்டினார். "தெருமுனை வரைக்கும் வந்து, உங்களைப் பார்த்துட்டு, அவன் திரும்பிப் போறானோ என்னவோ?"

அந்த அரை மணி நேரம்... எனக்கு ஏன் அது உறைக்கவே இல்லை?

வீட்டுக்கு நடந்தேன். இனி செவ்வாய் மாலை வெளியே இறங்குவதில்லை. தெருவைப் பார்த்த ஜன்னலையும் சாத்திவிடுவேன். தங்கையிடம் விசாரிப்பதில்லை. அவன் உள்ளே போகிறானா, வேறெங்காவது போகிறானா?

தெரியாமல் இருப்பது ஒன்றுதான் அவனுக்கு நான் செய்யக்கூடிய உதவி.