சிறுநீருக்காகவும் செபிக்கலாம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துநாலு, ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம். எம் மக செல்விக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்துக்கிட்டே கெடந்துச்சு. மூணாங்கிளாஸ் படிக்கிற பிள்ளை. இடுப்புக்கு மேல வலிக்குதும்மான்னு சுருண்டு படுத்துக்கிடும். மலேரியா மாத்திரை, கசாயம், ஒண்ணும் கேக்கல. அவ அப்பா தோணியில கொழும்புக்குப் போயிருந்தாவ. அவுக வாரது வரைக்கும் பிள்ளை தாங்குமான்னு எனக்குப் பயம். யாருகிட்ட சொல்லி அழ?

தூத்துக்குடி டாக்டரு, சிறுநீரைச் சோதிக்கணும், காலையில பிடிச்ச உடனே லேபுக்குக் கொண்டு போங்கன்னாரு. ஒரு சீசாவுல பிடிச்சேன். ஆனா நேரா லேபுக்குப் போகல. எங்க ஊரு தருவைகுளத்துல கடலுக்குப் போற வலையக்கூட கோயில்ல மந்திரிச்சுத்தான் கொண்டு போவோம். சீசாவைத் துணியில பொதிஞ்சு மாதா பீடத்துப் படியில வச்சேன். பூசை கண்டு, செபமாலை சொல்லி, பிள்ளையத் தூக்கிக்கிட்டு பஸ்ஸைப் பிடிச்சுப் போய்ச் சேர்றதுக்குள்ள வெயில் ஏறிட்டு.

லேப்ல இருந்த அம்மா சீசாவைத் திறந்ததுமே முகத்தைச் சுளிச்சாவ. மைக்ராஸ்கோப்புல பாத்துட்டு, "சவப்பெட்டி மூடி மாதிரி படிகம் நெறைய கெடக்கு"ன்னாவ. சவப்பெட்டின்னு காதுல விழுந்ததும் பிள்ளைய இறுக்கிக் கட்டிக்கிட்டேன்.

"பயப்படாதீங்க, அதோட உருவத்தைச் சொன்னேன். உள்ள கிருமி இருந்தாலும் இது வரும், பிடிச்சு வச்சு நேரமானாலும் வரும். இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இங்கனயே புதுசா பிடிச்சுத் தாங்க."

பிள்ளைக்கு வரல. காய்ச்சல்ல வத்திப்போன உடம்பு. தண்ணி குடுத்தேன், வாந்தி எடுத்துட்டா. அன்னைக்குச் சனிக்கிழமை, மதியத்தோட லேபை அடைச்சிருவாவ. கொல்லைப்பக்கம் டம்ளரோட குந்திக்கிட்டு, "ஏளா, கொஞ்சம் முக்கிப் பாரேன்"னு கெஞ்சுனேன். "வரமாட்டேங்குதும்மா"ன்னு அது அழுதுச்சு. எனக்கு ஒரு செபமும் வாயில வரல. "மாதாவே, வேற எதுவும் கேக்கல, இந்தப் பிள்ளைக்கு மூத்திரம் வரணும்"னேன். இதையெல்லாம் கேக்கலாமான்னு யோசிக்கக்கூட தெம்பில்ல.

வந்துச்சு. கால் டம்ளர் இருக்கும். சூடு ஆறுறதுக்கு முன்னால கொண்டு ஓடினேன். அதுலயும் அதே படிகம், கூடவே சீழ். உள்ள கிருமி இருக்குன்னு டாக்டருக்குத் தெளிவாயிட்டு. படம் எடுத்துப் பாத்தா சிறுநீரகத்துல கல். கிருமி அந்தக் கல்லுக்குள்ள குடியிருந்திருக்கு, அதான் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்திருக்கு. பாளையங்கோட்டையில ஆபரேஷன் பண்ணி எடுத்தாவ. அவ அப்பா கரைக்கு வந்தப்போ பிள்ளை உக்காந்து கஞ்சி குடிச்சிட்டிருந்தா.

அதுலருந்து எம் மக ஒதுங்கப் போயிட்டு வாரப்பல்லாம் நான் மாதாவுக்கு நன்றி சொல்லிக்கிடுவேன். கேட்டா சிரிப்பீங்க. உங்க வீட்டுலயும் வெளிய சொல்ல வெக்கமான கஷ்டம் ஏதாவது இருக்கும். அதையே கேளுங்க. மாதாவும் பிள்ளை வளத்தவதான்.