மீனுக்கு உறுதி சொல்லாத பொன்னையா

பூண்டியிலிருந்து காலையில் வரும் பஸ்ஸில் பூண்டு மூட்டைகளோடு அந்தச் செய்தியும் வந்து இறங்கியது. பொன்னையா போய்விட்டார் என்று கண்டக்டர் சொல்லிவிட்டுத் தன் சோலியைப் பார்க்கப் போனார். நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இந்த வயதில் அழுகைக்கு முன்னால் அலுப்புதான் வருகிறது.

கொடைக்கானல் ஏரியில் வாடகைப் படகெடுத்துத் தூண்டில் போட்டவர்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், சீசனுக்கு வருகிறவர்களை மீன்பிடிக்க அழைத்துப்போன படகுக்காரர் அவர். நான் படகுத்துறையில் சீட்டுக் கிழித்த குமாஸ்தா.

மற்ற படகுக்காரர்கள் கூடை நிறைய அள்ளலாம் என்று ஆசைகாட்டிக் கூப்பிடுவார்கள். பொன்னையாவோ, வந்தவர் படகில் கால் வைக்குமுன் நிறுத்தி, ஒவ்வொருவரிடமும் இதையே சொல்வார்:

“ஒண்ணு சொல்லிப்புடுறேனுங்க. குளிரு விரல்ல ஏறும். சும்மா உக்காந்து கெடக்கணும், நேரம் போகாது. மீனு கெடைச்சாலும் கெடைக்கும், கெடைக்காமலும் போகும். கரைக்கு மட்டும் நான் பத்திரமா கொண்டாந்து விட்டுருவேன்.”

இதைக் கேட்டதும் பாதிப் பேர் அடுத்த படகுக்கு நகர்ந்துவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொஞ்சம் இனிக்கப் பேசினால் வாய் வெந்துவிடுமா என்று திட்டுவேன். முன்கூட்டித் தெரிந்தால் மனுசன் தாங்கிக்கொள்வான் என்பார்.

ஒரு தை மாதம் பழனிக்கு நடப்பதற்காக மாலை போட்டிருந்தார். மீன் சவாரியை விட்டு ஒதுங்கியிருக்க வேண்டியவர், ஆள் இல்லை என்று முதலாளி கெஞ்சியதில் துடுப்பைப் பிடித்துவிட்டார். ஏறியவர் ஒரு வக்கீல். வழக்கமான பேச்சோடு, மாலை போட்டிருப்பதால் மீனைத் தொடமாட்டேன், நீங்களேதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் பொன்னையா சொல்லிவிட்டார். வக்கீலும் தலையாட்டினார். அன்றைக்கென்று பார்த்து, தொடைத் தண்டிக்குப் பெரிய கெண்டை ஒன்று சிக்கியது. படகுக்குள் விழுந்து அது துள்ள, வக்கீலுக்குத் தொட அருவருப்பு. பொன்னையாவோ இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு முருகா முருகா என்றிருக்கிறார். மீன் எகிறி ஏரிக்கே போய்ச் சேர்ந்தது. கரையேறிய வக்கீல் குதித்த குதியைப் பார்த்து, எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த என் மனைவி செல்லம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதன்பிறகு பொன்னையாவைப் பார்க்கும்போதெல்லாம் கைகளைத் தூக்கிக் காட்டிக் கேலி செய்வாள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. மதுரையில் ஆபரேஷன். வந்தவர்கள் எல்லோரும் ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்றே சொன்னார்கள். அதைக் கேட்கக் கேட்க அவள் முகம் செத்துக்கொண்டே வந்தது. புறப்படுகிற காலை பொன்னையா வந்தார். அவள் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

“தாயி, ஒண்ணு சொல்லிப்புடுறேன். மலை எறங்கையில கொமட்டும். ஆஸ்பத்திரியில காத்துக் கெடக்கணும், நேரம் போகாது. முழிச்சதும் வலிக்கும். சரியானாலும் ஆகும், ஆகாமலும் போகும்.”

அங்கே நிறுத்திவிட்டார். கரைக்குப் பத்திரமாகக் கொண்டுவந்து விடுவேன் என்கிற அவருடைய அந்தக் கடைசி வாக்கியத்துக்காக நான் காத்திருந்தேன். வரவில்லை. செல்லம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு, “சரிண்ணே, போயிட்டு வாரோம்” என்று எழுந்தாள். பல நாட்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

அவள் திரும்பி வரவில்லை.

காரியம் முடிந்தும் நான் வேலைக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். ஒருநாள் வெள்ளனே பொன்னையா வந்து, கையைப் பிடித்து எழுப்பி, படகில் உட்கார வைத்தார். தூண்டில் இல்லை, பேச்சும் இல்லை. பனிக்குள் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றினார். அழுதேன், அவர் பார்க்காததுபோல் துடுப்புப் போட்டார். துறையை அடைந்ததும், “கரை வந்துருச்சு, எறங்குங்க சார்” என்றார். நானாக மறுபடி சீட்டுக் கிழிக்கப் போகும்வரை தினமும் அப்படித்தான் நடந்தது.

செய்தி வந்த அன்று, அவர் ஊருக்குப் போகப் பூண்டி பஸ்ஸில் ஏறுமுன், எனக்கு நானே அவர் மாதிரி சொல்லிக்கொண்டேன். மேட்டில் மூச்சு வாங்கும். வீட்டு வாசலில் வெகுநேரம் நிற்க வேண்டியிருக்கும். முகத்தைப் பார்த்தாலும் பார்ப்போம், அதற்குள் எடுத்திருந்தாலும் எடுத்திருப்பார்கள்.

எடுத்திருந்தார்கள். தாங்கிக்கொண்டேன்.

அவருடைய பேச்சு என்னிடம் இருக்கிறது. கடைசி வாக்கியம் மட்டும் இல்லை. அதைச் சொல்ல அவர் வேண்டும்.