தடை உண்டா?

கங்காணிகள் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை என்று இனிக்க இனிக்கப் பேசி எங்கள் ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போவார்கள். போனவர்களிடமிருந்து ஒரு கடிதம்கூட வராது. கிறிஸ்தவ சபையின் உபதேசியாரான நான், போகாதீர்கள் என்று பிரசங்கம் செய்து தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

"கல்யாணத்துக்கு மூணு ஞாயிறு பேரு வாசிச்சு, தடை உண்டான்னு கேக்கியளே ஐயா, இதுக்கும் கேட்டா என்னவாம்?" என்றாள் கோயில் பெருக்கும் பெண்.

அடுத்த கங்காணி வந்ததும், அவன் பெயரையும் அவனோடு கிளம்பவிருந்த நான்கு பெண்களின் பெயர்களையும் ஆராதனையில் வாசித்து, தடை உண்டா என்று கேட்டேன். சபையில் அதுவரை இதைப் பற்றி வாய் திறக்காத ஒருத்தி எழுந்தாள்.

"எனக்க தங்கச்சியக் கொண்டு போனதும் அவனாக்கும். அவ இப்ப எங்க?"

இரண்டாம் ஞாயிறும் வாசித்தேன். நான்கு பெண்களும் சபையில் இருந்தார்கள். கங்காணியைத்தான் காணோம்.