முட்டளவுத் தண்ணி

காலுக்கடியில கடலைத் தோலு நொறுநொறுங்கும், அதுக்குக் கீழ மணலு சில்லுன்னு இருக்கும், முன்னால எவனோ வலிக்க பீடிப் பொகை வெளிச்சத்துக்குள்ள சுருண்டு சுருண்டு போயித் திரையில முட்டும், பின்னால சரக்கு அடுக்குத "கிட்டங்கி"யில இருந்து கருவாட்டு மணம் வரும். தூத்துக்குடியில பகலாட்டம்னா எனக்கு மொதல்ல ஞாவகம் வாரது இந்த மணந்தான், படமெல்லாம் அதுக்குப் பெறவுதான்.

போன வாரம் எம் பேத்தி செல்போன நோண்டிக்கிட்டுத் தனியாச் சிரிச்சிக்கிட்டுக் கெடந்தா. "எவன்ளா அது?"ன்னு கேட்டேன். "எவனும் இல்ல ஆச்சி, ஒரு பழைய இங்கிலீசுப் படம், லண்டன் தண்ணியில முங்குத படம், பாத்தவங்க எழுதுனத வாசிக்கேன்"னா. ஒருத்தன் எழுதியிருக்கானாம், கப்பலு பொம்மைக் கப்பலு, கடலு குளிக்க தொட்டின்னு. இன்னொருத்தன், ஒரே ஆளு மூணு எடத்துல மூணு சட்டை போட்டுட்டுச் சாவுதான்னு. இன்னொருத்தனுக்கு ஒரு பகல் வீணாப் போச்சாம். எங்க, அந்தச் சவத்தக் காட்டுன்னேன், படத்தப் போட்டுத் தந்தா, கடைசி வரைக்கும் பாத்தேன். புயலு அடிக்கு, கப்பல் பொகை இந்தப் பக்கமாப் போவுது, கொடி அந்தப் பக்கமாப் பறக்கு. படத்துப் பேரு எனக்கு அன்னைக்கும் தெரியாது, இன்னைக்கும் தெரியாது. ஆனா அந்தக் கொடியத் தெரியும். பத்து வயசுல பாத்த கொடி.

அப்ப நாங்க இருந்தது ஒரு "வளவு". ஒரு வாசலுக்குள்ள ஒம்பது வீடு வரிசையா இருக்கும், எல்லாத்துக்கும் நடுவுல ஒரு கெணறு. வீட்டுப் பொம்பளையாளுக நெனச்ச நேரத்துக்குச் சினிமாவுக்குக் கெளம்பிற முடியாதுல்லா, அதனால புதுப்படம் வந்தா எங்க அத்தைய அனுப்புவாவ, அவளுக்குத் தொணைக்கு என்னைய. அத்தை எங்க அப்பா கூடப் பொறந்தவ. கொட்டகையில காத்தாடிக்கு நேர்கீழ எடம் புடிச்சு, தலைய ஒரு பக்கமாச் சாச்சு, பேரு போட்டு முடியுததுக்குள்ள கொறட்டை விட ஆரம்பிச்சிருவா. கடைசில வெளக்குப் போட்டதும் முழிச்சு, "நல்ல படம்"ம்பா. எந்தப் படமா இருந்தாலும் அவளுக்கு நல்ல படந்தான். அதனால வீட்டுக்கு வந்து "படம் சொல்லுதது" எஞ்சோலி. சாயங்காலம் கெணத்தடியில அரிசி பொடைச்சிக்கிட்டு, மீன் அறுத்துக்கிட்டு எல்லாரும் உக்காந்திருப்பாவ, நான் நடுவுல நின்னு ஆடிப் பாடிச் சொல்லணும். அதக் கேட்டுப்போட்டுத்தான் போலாமா வேண்டாமான்னு முடிவு. படத்தக் கண்ணால பாக்காமலே அம்புட்டுக் கருத்துச் சொன்ன சனத்த நீங்க எங்கயும் பாத்திருக்க மாட்டீய.

அந்த ஐப்பசியில கொட்டகை வாசல்ல பெரிய படம் வரைஞ்சு வச்சிருந்தாவ, மணிக்கூண்டு ஒசரத்துக்கு அலை. அதே ஐப்பசியிலதான் ரெண்டு வீடு தள்ளி இருந்த பிலோமி அக்காவோட புருசன் சவரி அண்ணன் தோணியில கொழும்புக்குப் போயிருந்தாரு. வெங்காயமும் மொளவாயும் ஏத்திப் போற பாய்மரத் தோணி. போன மூணாம் நாளு காத்து மாறிட்டு. பதினாறு நாளாச்சு, ஒரு தகவலும் இல்ல. வளவுல ஒருத்தரும் அதப் பத்திப் பேசுதது கெடையாது, அக்கா தண்ணி எறைக்க வந்தா எல்லாரும் உப்பு வெலையப் பேசுவாவ, இல்லன்னா எங்க அத்தை கொறட்டையப் பேசுவாவ. அக்காவும் சிரிக்க மாட்டா, அழவும் மாட்டா, வாளிய நெறைச்சு எடுத்துட்டுப் போயிருவா.

படம் பாத்தேன். சிரிச்சு மாளல. வெளிய வரும்போது ஆம்பளையாளுக பேசுததக் கேக்கணுமே! உப்பளத்துக்காரரு ஒருத்தரு, "ஏலே, எம் பாத்தியில கூட இதவிடப் பெரிய அலை அடிக்கும்லே"ங்காரு. தோணி ஓட்டுத தண்டல் ஒருத்தரு நடுரோட்டுல நின்னுக்கிட்டு, "காத்து ஒரு பக்கம், கொடி ஒரு பக்கம், இவனெல்லாம் கடல எந்தப் படத்துல பாத்தான்?"ன்னு கோவப்படுதாரு. துறைமுகத்துல மூட்டை தூக்குத அண்ணாச்சி ஒருத்தரு, "செத்தவன் திரும்பவும் வந்து செத்தாம்லா, அந்த ஒண்ணுக்காவ நாளைக்கும் வருவேன்"னாரு. நானும் சிரிச்சேன். ஆனா கடைசில கப்பலு முங்கி, அதுல இருந்த அத்தன பேரும் செத்துப் போனாவ. அது பொம்மையா இருந்தாலும் செத்தது செத்ததுதான்லா.

வீட்டு வாசல்லயே அம்மை என்னைய மறிச்சா. "பிலோமி முன்னால கப்பலு கிப்பலுன்னு எதையாவது ஒளறுன, வாயத் தச்சிருவேன்." சரின்னு மண்டைய ஆட்டிட்டுப் போயி, லண்டனு, துரைமாருன்னு கப்பலு வராம சுத்திச் சுத்திச் சொல்லிக்கிட்டிருக்கேன், அக்கா மொறத்த எடுத்துக்கிட்டு வந்து முன்னால உக்காந்துட்டா. பதினாறு நாளும் அங்கன வந்து உக்காராதவ.

"கொட்டகை வாசல்ல கப்பலு வரைஞ்சிருக்கே, அதுல போனவங்க என்னளா ஆனாங்க?"ன்னு கேட்டா.

எல்லார் கையும் நின்னுட்டு. அம்மை என்னைய மொறைக்கா. நான், "எல்லாரும் கரை ஏறிட்டாவ அக்கா"ன்னேன். அதோட விட்டிருக்கலாம், என் வாயி எங்க கேக்கும்? "ஒரு ஆளு நீந்தியே வந்து, நனைஞ்ச சட்டையோட வீட்டு வாசல்ல நின்னு, பொஞ்சாதிட்ட கஞ்சி இருக்கான்னு கேட்டாரு"ன்னேன்.

"துரை கஞ்சியா கேட்டாரு?"ன்னு அத்தை. படம் பூராத் தூங்குனவளுக்கு அப்பத்தான் சந்தேகம் வருது.

"இங்கிலீசுல கேட்டாரு"ன்னேன்.

வளவே சிரிச்சிட்டு. பிலோமி அக்காவும் சிரிச்சா. சிரிச்சு முடிச்சுக் கண்ணத் தொடைச்சிக்கிட்டு, "நாளைக்கு நானும் பாக்கணும், என்னையக் கூட்டிட்டுப் போளா"ன்னா.

மறுநாளு வயித்து வலின்னு உருண்டேன், அம்மை ஓமத்தண்ணி குடுத்து எழுப்பி விட்டுட்டா. படத்த மாத்திட்டாவளாம்னேன், அத்தை போயி விசாரிச்சிட்டு வந்து அதே நல்ல படந்தான்னா. வேற வழியில்லாம மூணு பேரும் போனோம். அத்தை தூங்கிட்டா. நான் திரையப் பாக்கவே இல்ல, அக்கா மொகத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். புயலு அடிக்கு, கப்பலு சாயுது, ஆளுக அலறுதாவ, அக்கா முந்தியக் கையில சுத்திக்கிட்டு முன்னால குனிஞ்சு பாக்கா. எனக்கு எந்திரிச்சு ஓடிறலாம் போல இருக்கு. கொஞ்ச நேரத்துல அவ தோளு குலுங்குச்சு. அழுதாளாக்கும்னு நெனச்சேன். பாத்தா, சிரிக்கா.

வெளிய வந்து வெயில்ல நின்னோம். நான் அவள நிமுந்து பாக்காம, "அக்கா, நான் சொன்னது..."ன்னு இழுத்தேன்.

"ஏளா, அது முட்டளவுத் தண்ணி"ன்னா. "தொட்டியில உள்ள தண்ணி, முழங்காலுக்கு மேல வராது. கொடி எந்தப் பக்கம் பறந்துச்சு பாத்தியா? காத்தே இல்லாத கடலு. அதுல எவன் சாவான்? வெளக்கு அணைச்ச பெறவு எல்லாரும் எந்திரிச்சு, வேட்டியப் பிழிஞ்சிட்டு வீட்டுக்குத்தான் போயிருப்பாவ. நீ சொன்னதுதான் சரி."

வளவுல போயும் அதையேதான் சொன்னா. "இவ சொன்ன மாதிரிதான், எல்லாரும் கரை ஏறிட்டாவ." சொல்லும்போது எங் கையப் புடிச்சு நசுக்குனா பாருங்க, இப்பவும் அந்த எடம் எனக்குத் தெரியும்.

சவரி அண்ணன் வரல. தோணியில ஒரு பலகை கூடக் கரையில ஒதுங்கல. மாதா கோயில்ல செத்தவங்களுக்கு வைக்க பூசைய வச்சுருவோம்னு சொந்தக்காரங்க வந்து சொன்னாவ, "எதுக்கு? முட்டளவுத் தண்ணியிலதான் நிக்காரு"ன்னுட்டா. அதவிட ஒண்ணு செஞ்சா. அன்னையிலருந்து தெனமும் ஒரு செம்புல கஞ்சி ஊத்தி, தட்டு போட்டு மூடி, வாசக்கதவுக்குப் பக்கத்துல வப்பா. காலையில எங்க வீட்டுக்கு அத எடுத்துட்டு வந்து, "இன்னைக்கு வரல, நீ குடிளா"ன்னு எங்கிட்ட நீட்டுவா. கோவமாவும் இல்ல, கேலியாவும் இல்ல, பால்காரன் வரலன்னு சொல்லுத மாதிரிச் சொல்லுவா. நான் வேண்டாம்னே சொன்னது கெடையாது. சொல்ல முடியுமா? கஞ்சி கேட்ட ஆள உண்டாக்குனதே நாந்தான. அவ மணப்பாட்டு ஊருக்குத் தன் கூடப்பொறந்த அண்ணன் வீட்டோட போயித் தங்குத வரைக்கும், நான் வயசுக்கு வந்து தாவணி போட்ட பெறவும், அந்தக் கஞ்சிய நான் குடிச்சேன். இந்த ஒடம்பு பாதி அந்தக் கஞ்சியில வளந்ததுதான். நல்லா உப்புப் போட்டிருப்பா.

இப்ப அந்தக் கொட்டகை இருந்த எடத்துல கட்டிலு பீரோ விக்கான். கெணத்த மூடிக் கார் நிறுத்துதாவ. பாய்மரம் வச்ச தோணிய நான் பாத்து எத்தனையோ வருசமாச்சு. படம் என்னன்னு கேக்க இப்ப எவளும் மொறத்தோட வந்து உக்கார மாட்டா, எல்லாருங் கையிலயும் படம் இருக்கு, ஆளாளுக்கு மூலையில குனிஞ்சு பாத்துட்டு, நல்லா இல்லன்னு யாருன்னே தெரியாத ஆளுக்கு எழுதிப் போட்டுட்டுத் தூங்கிருதாவ.

"ஏளா, நானும் பாத்தவதான. எனக்கும் ஒண்ணு எழுது"ன்னேன் பேத்திகிட்ட.

"எத்தனை ஸ்டார் ஆச்சி?"

"எத்தனை உண்டோ அத்தனையும் போடு. தண்ணி முட்டளவுதான்னு எழுது. எல்லாரும் கரை ஏறிட்டாவன்னு எழுது."

அவ செல்போனக் கீழ வச்சிட்டு என்னையப் பாத்தா. "ஆச்சி, கடைசில எல்லாரும் செத்துருதாங்க. இப்பத்தான நீயே பாத்த?"

"நீ எழுதுளா"ன்னேன். "இன்னும் படம் பாக்காதவ எவளாவது வாசிப்பா."